நோயில்லாத நாளுக்கும் ஒரு மருத்துவர்

எங்கள் புறநோயாளர் அறையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?" அதற்கு நாங்கள் அடிக்கடி பெறும் விடையும் ஒன்றே: "உடம்பு நல்லாத்தானுங்க இருந்துச்சு. நல்லா இருக்கிறப்ப ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

சில மாதங்களுக்கு முன் இவ்விடையைச் சொன்னவர், வெள்ளாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் கரும்பு பயிரிடும் 55 வயதுக்காரர். அன்று காலை அவருடைய வலக்கை கால் மணி நேரம் மரத்துப்போயிருந்தது. பேச்சும் சற்றுக் குழறியது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. எங்களிடம் வந்தபோது இரத்த அழுத்தம் 190/110. மாத்திரை தீர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கை மரத்துப்போனது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நல்லவேளையாக, நலமாகத் திரும்பி வந்தார்.

மறுமுறை வந்தபோது அவரோடு அமர்ந்து பேசினோம். மருத்துவரின் கட்டணம், பேருந்துச் செலவு, இழக்கும் ஒரு நாள் வேலை ஆகியவற்றை அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். உடம்பில் ஒரு குறையும் தெரியாத நாளில் இவ்வளவு செலவு எதற்கு என்பது அவர் கேள்வி. கணக்கில் பிழையில்லை. ஆனால் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள், பார்க்கத் தேவையில்லை என்று தோன்றும் நாளாகவே இருக்கிறது. ஒவ்வொரு வருகைக்கும் பணம் வாங்கும் நம் வழக்கம் அந்த நாளில்தான் நோயாளியை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது.

இவ்விதழில் அந்த வழக்கத்தைப் பற்றி, அதனால் வாழும் மருத்துவர்களாகிய நாங்களே மனந்திறந்து எழுத விரும்புகிறோம்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

பெருநிறுவனம் எதையும் சாராமல் சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்துபவர்கள் நாங்கள். வாடகை, மின்கட்டணம், செவிலியர் ஊதியம் ஆகிய அனைத்தும் நீங்கள் தரும் கட்டணத்திலிருந்தே வருகின்றன. காய்ச்சல் பரவும் மாதங்களில் எங்கள் அறை நிரம்பி வழியும், வருமானமும் உயரும். ஊர் நலமாக இருக்கும் மாதங்களில் செலவுக்குத் திண்டாடுவோம். உங்கள் நலமும் எங்கள் வருமானமும் எதிரெதிர்த் திசையில் செல்வது எங்களுக்கும் உவப்பானதன்று.

இதனால் விளையும் இன்னொரு கேடு நேரக் குறைவு. ஆறு மணி நேரத்தில் 80 பேரைப் பார்த்தால் ஒருவருக்குக் கிடைப்பது நாலரை நிமிடம். அதற்குள் நாடி பார்க்கலாம், மருந்துச் சீட்டு எழுதலாம். வீட்டில் சமைப்பவர் யார், உப்பு எவ்வளவு சேர்கிறது, இரவில் தூக்கம் வருகிறதா, மாத்திரை வாங்கப் பணம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க இயலாது. கேட்காமல் எழுதிய சீட்டு பல நேரங்களில் வீட்டு மாடத்திலேயே தங்கிவிடுகிறது.

காப்பீடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கி இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறும் திட்டம் எண்ணற்ற குடும்பங்களைக் கடனிலிருந்து காத்துள்ளது. ஆயினும் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. பக்கவாதம் வந்து படுத்தபின் உதவும் காப்பீடு, அது வராமல் தடுக்கும் மாதாந்தரப் பரிசோதனைக்குத் தனியார் மருத்துவரிடம் தரும் கட்டணத்தை ஏற்பதில்லை.

நெல்லாகப் பெற்ற ஊதியம்

வருகைக்கு இவ்வளவு என்று எண்ணாமல், ஆண்டுக்கு இவ்வளவு என்று மருத்துவருக்குத் தரும் ஏற்பாடு நம் நாட்டிற்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றி அது பேசுகிறது. அங்கிருந்த மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஒதுக்கப்பட்டன. அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கும் தனித்தனியே பங்கு வகுக்கப்பட்டிருந்தது. எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதைப் பொறுத்து அந்த நெல் கூடவோ குறையவோ இல்லை.

நம் காலத்தில் இக்கருத்துக்கு உயிர் கொடுத்தவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1958ஆம் ஆண்டு சென்னையில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் அமைப்பை நிறுவினார். அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ள அதன் மருத்துவமனையை வி.எச்.எஸ். என்று சொன்னால் பலரும் அறிவர். அங்கே அவர் கொண்டுவந்த மருத்துவ உதவித் திட்டத்தில், ஒரு குடும்பம் தன் வருமானத்திற்கேற்ற ஒரு தொகையை ஆண்டுச் சந்தாவாகச் செலுத்தும். மிகுதியாக உள்ளவர் மிகுதியாகவும், இல்லாதவர் மிகச் சிறிதளவும் தருவர். நோய் வந்தபின் மருத்துவரிடம் ஓடுவதற்குப் பதிலாக, நலமாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை உடலைப் பரிசோதித்துக்கொள்ளும் உரிமையும் அச்சந்தாவில் அடங்கியது. பின்னர், ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் சிற்றூர்களில் சிறு சுகாதார மையங்களையும் அவர் தொடங்கினார்.

அமெரிக்காவில் இன்று 'நேரடி முதல்நிலை மருத்துவம்' என்ற பெயரில் பேசப்படுவதும் ஏறத்தாழ இதுவே. காப்பீட்டு நிறுவனங்களுக்குப் படிவம் நிரப்பியே களைத்துப்போன மருத்துவர்கள், அவற்றை விட்டு விலகிச் சொந்தமாகச் சிறு மருத்துவகங்களைத் தொடங்கினார்கள். குடும்பமோ தனிநபரோ மாதம் ஒரு நிலையான தொகையைச் செலுத்துவர். அதன்பின் எத்தனை முறை வந்தாலும், தொலைபேசியில் அழைத்தாலும் தனிக் கட்டணம் இல்லை. மருத்துவர் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மக்களின் எண்ணிக்கையைச் சில நூறுகளாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் வரை ஒதுக்குவார்.

மனம் மட்டும் போதாது

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சென்னை வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் நினைவுக்கு வரலாம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1970களில் இரண்டு ரூபாய்க் கட்டணத்தில் மருத்துவம் பார்க்கத் தொடங்கி, பல்லாண்டுகள் ஏழை மக்களுக்குப் பணியாற்றி, 2020ஆம் ஆண்டு மறைந்தார். அத்தகையோரை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அவர்கள் வழியை ஒவ்வொரு மருத்துவரும் பின்பற்றுவார் என்று எதிர்பார்த்து ஓர் ஊர் தன் நலத்தைத் திட்டமிட முடியாது. ஒருவருடைய தியாகத்தை மட்டும் நம்பியிருக்கும் மருத்துவம் அவருக்குப் பின் நிலைப்பது அரிது. நிலைக்க வேண்டுமானால், மருத்துவர் முறையாக வாழவும் நோயாளி அஞ்சாமல் வரவும் வழிசெய்யும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் உள்ள இடர்களையும் மறைக்க விரும்பவில்லை. முதலாவது, சந்தாத் திட்டத்தில் முதலில் சேர முன்வருபவர்கள் ஏற்கெனவே நோயுற்றவர்களே. நலமாக இருப்பவர் 'நமக்கு எதற்கு' என்று விலகி நிற்பார். ஓராண்டு நோயின்றிக் கழிந்தால், 'கட்டிய பணம் வீண்' என்று மறு ஆண்டு செலுத்தத் தயங்குவார். அப்போது செலவு கூடும், சந்தா உயரும், இன்னும் சிலர் விலகுவர். நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடி மக்களுக்காகச் செயல்படும் அஸ்வினி அமைப்பு 1990களில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் வேறு வழியில் சென்றது. அங்கே தனித்தனி ஆட்களை நம்பாமல், ஊர்ச் சங்கங்கள் வழியாக மக்கள் சேர்ந்தே பங்களித்தார்கள். நலமானவரின் பணம் நோயுற்றவருக்கு உதவுவதை அவர்கள் வீண் என்று கருதவில்லை.

இரண்டாவது இடர், பணம் போதாமை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் காரிசன் பிளிஸ் உள்ளிட்டோர் 2007ஆம் ஆண்டு தொடங்கிய கிளையன்ஸ் என்னும் நிறுவனம் இத்துறையின் முன்னோடியாகப் பேசப்பட்டது. பல கிளைகளாக வளர்ந்த அதுவும் 2017ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஒரு மருத்துவகம் மூடப்படும்போது, அதை நம்பியிருந்த நோயாளிகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர்களாகிறார்கள்.

மூன்றாவது இடர், மருத்துவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் நமக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலைக்கும் இடையில் இருப்பது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993ஆம் ஆண்டு டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி இணையர் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த 1,000 குழந்தைகளுள் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்ததாக அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அவ்வூர்ப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்து, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனித்ததில் அந்த இறப்பு பெருமளவு குறைந்தது. அப்பெண்கள் நோயாளி தேடி வரும்வரை காத்திருக்கவில்லை.

திட்டக்குடியில் இது இயலுமா?

எங்களுக்குள் இதைப் பலமுறை கணக்கிட்டுப் பார்த்தோம். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். 600 குடும்பங்கள் மாதம் 150 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம்; மாத வருவாய் 90,000 ரூபாய். குடும்பத்திற்கு நால்வர் எனில் 2,400 பேர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு மூன்று முறை வந்தால் 7,200 வருகைகள். ஆண்டில் 300 நாள் பணி என்றால் நாளொன்றுக்கு 24 பேர். ஒருவருக்குக் கால் மணி நேரம் தந்தாலும் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாலரை நிமிடம் பதினைந்து நிமிடமாகிறது.

ஆனால் அந்த 90,000 ரூபாயில் இரண்டு செவிலியருக்கு ஊதியம், வாடகை, மின்சாரம், பரிசோதனைப் பொருள்கள் எல்லாம் போக மருத்துவருக்கு மிஞ்சுவது சிறிதே. மேலும் இப்பகுதியில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. கரும்புக்குப் பணம் வருவது ஒரு பருவம்; நெல்லுக்கு ஒரு பருவம். கூலி வேலை செய்பவருக்கு அன்றன்றைய வருமானமே உண்டு. மாதச் சந்தா என்னும் சொல்லே இங்கு பொருந்தாது. அறுவடையை ஒட்டிய ஆண்டுத் தொகையே பொருந்தும். அதையும் தர இயலாத குடும்பத்தின் பங்கை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காணாமல் நாங்கள் எதையும் அறிவிக்கப் போவதில்லை.

ஆயினும் இக்கணக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. உங்களுக்குப் பயன் தருவது கட்டணம் செலுத்தும் முறை மட்டுமன்று. உங்களைத் தொடர்ந்து அறிந்த ஒரு மருத்துவர் இருப்பதே அதனினும் மேலானது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்வோர் பலர் இருமலோடு வருவார்கள். அன்று மட்டும் பார்க்கும் மருத்துவர் இருமல் மருந்து எழுதித் தரலாம். ஆண்டுக்கணக்கில் அறிந்தவரோ, 'இவர் களிமண் பொடியும் சிலிக்கா தூசியும் பறக்கும் இடத்தில் இத்தனை ஆண்டு நின்றவர்' என்பதை நினைவில் வைத்திருப்பார். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பேறச் செய்யும். காசநோய் பற்றும் வாய்ப்பையும் கூட்டும் என்பதால் சளிப் பரிசோதனைக்கும் அனுப்புவார். தூசியை ஈரப்படுத்துவது, தகுந்த முகக்கவசம் அணிவது பற்றியும் பேசுவார்.

இன்றே நீங்கள் செய்யக்கூடியவை

எந்தத் திட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் குடும்பத்திற்கென ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் நாங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனை மருத்துவராகவும் இருக்கலாம். தலைவலிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்கால் வலிக்கு ஒருவர் என மாறி மாறிச் சென்றால், ஒருவர் தந்த மருந்தை மற்றவர் அறியமாட்டார்.

குடும்பத்திற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்கி, நாள், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, உண்ணும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, செய்யும் தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்க வரும்போது நோட்டையும், காலி மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள்.

மாத்திரை வாங்கப் பணம் இல்லையென்றால் அதை எங்களிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். குறைந்த விலையில் அதே மருந்து கிடைக்கக்கூடும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் இலவசம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு தரும் மாத்திரையை உண்டுகொண்டே எங்களிடம் ஆலோசனைக்கு வருவதில் எங்களுக்கு எவ்வித மனக்குறையும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தச் சர்க்கரையோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண்ணின் உட்பகுதி, சிறுநீரில் புரதம், பாதங்களின் உணர்ச்சி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை ஆண்டுக்கு இரு முறையாவது செய்துகொள்ளுங்கள்.

எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைக்கு எல்லை உண்டு என்பதையும் மறவாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், நடுமார்பில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் எங்கள் வாசலில் வரிசையில் நிற்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டியது. நம் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவையும் அந்நேரத்தில்தான் கழிக்க வேண்டும். அறிகுறி தானாகச் சரியானாலும் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

நாங்கள் எடுத்த சிறு முடிவு

சந்தாத் திட்டம் பற்றிய எங்கள் யோசனை இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் முடிவு செய்தோம். ஏற்கெனவே எங்களிடம் மருத்துவம் பார்ப்பவர்கள், இரத்த அழுத்தம் மட்டும் பார்க்க வந்தால் இனிக் கட்டணம் இல்லை. மருத்துவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். செவிலியரே பார்த்து உங்கள் நோட்டில் எழுதித் தருவார். அளவு கூடியிருந்தால் மட்டும் எங்களிடம் அனுப்புவார். இதனால் எங்கள் வருமானம் சிறிது குறையும் என்பதை அறிந்தே இதைச் செய்கிறோம்.

வைத்தியநாதர் கோயில் கொண்ட ஊர் இது. வேண்டுதலோடு அக்கோயிலுக்கு வரும் பலரும், நலமான பின்னும் நன்றி சொல்ல வருகிறார்கள். எங்களிடமும் அவ்வாறே, நலமாக இருக்கும் நாளிலும் வந்துபோங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கரும்பு விவசாயி இப்போது மாதத்திற்கு ஒரு முறை வருகிறார். உரக்கடைக்கு வரும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்வதால் தனியாகப் பேருந்துச் செலவு இல்லை. சென்ற முறை 136/84. செவிலியர் எழுதித் தந்த நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டாக்டரைப் பார்க்க வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் சிரித்துக்கொண்டே புறப்பட்டார். அடுத்த மாதம் மனைவியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இதுவரை ஒரு முறைகூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லையாம்.